சுருதி யாருடைய காதுக்கு?

‘சுருதி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இசையில் ஒலி ஏறி இறங்கும் நுண்ணிய படி. மற்றொன்று, வேதம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கேட்கப்படுவது. சரி, யார் கேட்கலாம்? வேதத்தைப் பொறுத்தவரை கௌதம தர்மசூத்திரம் இதற்குப் பச்சையாகவே பதில் எழுதி வைத்திருக்கிறது. சூத்திரன் வேதத்தை வேண்டுமென்றே காதில் வாங்கினால் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி அந்தக் காதில் ஊற்ற வேண்டும் என்கிறது அது. அண்ணல் அம்பேத்கர் இந்த வரியைத் தம் எழுத்தில் எடுத்து வைத்து இந்து சமூகத்தின் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறார்.

இசைச் சுருதிக்காக யாரும் ஈயம் காய்ச்சியதில்லை. அங்கே வேலை இன்னும் நாசூக்காக நடந்தது. “உங்களுக்குச் சுருதி ஞானம் கம்மி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். “நமது சங்கீதத்தில் 22 சுருதி. மேல்நாட்டானுக்கே 12தான். பறையில் சுருதி ஏது?” என்று கேட்டு விட்டு ஃபில்டர் காபியை உறிஞ்சலாம். இந்தக் கேள்விக்கு முன்னால் நம் தோழர்கள் பலர் திணறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கோபத்தில் “உன் சங்கீதமே எங்களுக்கு வேண்டாம்” என்று எழுந்து விடுகிறார்கள். சிலர் “22 சுருதியைக் கண்டுபிடித்ததே தமிழன்தான்” என்று பதிலுக்குச் சீறுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. முதலாவது, நம் ஆட்கள் நூற்றாண்டுகளாகக் கையாலும் உதட்டாலும் உண்டாக்கிய ஒரு அறிவைத் தானம் கொடுத்து விட்டு வருவது. இரண்டாவது, அவர்கள் போட்ட பந்தியில் ஓர் இலை கேட்பது.

எட்டயபுரத்திலிருந்து இதைப் பேசலாம். இந்த ஊரைப் பாரதி பிறந்த ஊர் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லும். கர்நாடக இசைக்காரர்களுக்கு இது முத்துசாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் இறந்த ஊர். அட்டக்குளத்துப் பக்கம் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் இங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார். பாலுசாமிதான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டு வந்தவர் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது கூடவே சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் வடிவேலு. தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி, தேவதாசி நட்டுவாங்க மரபில் வந்தவர், முத்துசாமி தீட்சிதரிடமே படித்தவர். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அந்த வயலின் இன்னும் தஞ்சாவூரில் குடும்பத்தார் வசம் இருப்பதாகப் பேசுவார்கள். ஆனால் வயலின் வரலாறு சொல்லும் மேடைகளில் பாலுசாமிக்கு ஒரு பத்தி, வடிவேலுக்கு ஒரு அரைப்புள்ளி.

வயலின் ஐரோப்பியக் கருவி. அதைத் தொட்டதற்காக யாரும் தீட்டு என்று சொல்லவில்லை. காரணம் கேட்டால், அதில் மெட்டுக் கட்டை கிடையாது, விரலை எங்கு வேண்டுமானாலும் இழுக்கலாம், கமகம் பேசும், சுருதி நிற்கும் என்பார்கள். நியாயமான காரணம்தான். இதை மனதில் வையுங்கள், ஆர்மோனியத்துக்கு வரும்போது வேண்டும்.

இதே எட்டயபுரத்தில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. எழுதியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர். சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில், ஜமீன் பணத்தில், தெலுங்கு எழுத்தில் வந்தது. தமிழ் பேசும் ஊரில், வானம் பார்த்த கரிசல் குடிகளின் வரிப் பணத்தில் அச்சான புத்தகத்தைத் தமிழில் படிக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் பிறந்த பாரதிக்கு, விளங்காத மொழியில் பத்துப் பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடும் வித்துவான்கள் மேல் அவ்வளவு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை.

அந்தப் புத்தகம் எழுந்ததற்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஒரு கிறித்தவர். ஏ.எம்.சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் வேலை பார்த்தவர். நம் பாட்டுகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் எழுதி 1890களில் தம் செலவில் வெளியிட்டு, கண்ணும் காசும் கெட்டவர். தீட்சிதர் கிருதிகளைத் தேடி அவர் எட்டயபுரத்து வாசலில் வந்து நின்று கேட்டிருக்காவிட்டால், ‘சம்பிரதாயம்’ என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்ளும் அந்த நூல் வந்திருக்குமா என்பது சந்தேகம். ‘கலப்பற்ற மரபு’ என்று எதையாவது யாராவது கையில் திணித்தால், அதன் அச்சு வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். கலப்பு எங்கே என்று தெரிந்து விடும்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம் வேறு. சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் சின்னச் சின்னக் குறிகள் போட்டார். இது அசைகிறது, இது தட்டி வருகிறது, இது மேலிருந்து வழுக்கி இறங்குகிறது என்று காட்டும் கமகக் குறிகள். அதாவது ‘ரி’ என்று எழுதினால் மட்டும் ‘ரி’ எங்கே இருக்கிறது என்று தெரியாது, அது எப்படி நகர்கிறது என்றும் சொன்னால்தான் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். சுரம் ஓர் ஆணி அடித்த இடமல்ல, ஒரு நடமாட்டம். அந்த அக்கிரகாரத்துப் பெரியவரின் காது அவருடைய ஆட்களின் தத்துவத்தை விட நேர்மையாக இருந்திருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு கம்பியை மீட்டினால் ஒரு ஒலி. அதை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைச் சரிபாதியாக அழுத்தி மீட்டினால் மேல் ‘ச’. அதிர்வு இரண்டு மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ‘ப’. அதிர்வு ஒன்றரை மடங்கு. உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் காதுக்கும் இனிக்கும் உறவு இது. இனி ‘ப’வையே ‘ச’ ஆக்கி அதற்கு ஒரு ‘ப’ எடுங்கள். அதற்கும் ஒரு ‘ப’. இப்படிப் பன்னிரண்டு முறை ஏறினால் பன்னிரண்டு சுரத்தானமும் கிடைத்து, தொடங்கிய ‘ச’வுக்கே ஏழு தாயி மேலே வந்து சேர வேண்டும். சேராது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.74 சொச்சம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இடையில் ஒரு சின்ன இடைவெளி நிற்கும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நூறு ‘சென்ட்’ என்று வைத்தால் இந்தப் பிசகு சுமார் 23 சென்ட். கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

இது யாருடைய பிழையும் அல்ல. மூன்றின் எந்த அடுக்கும் இரண்டின் எந்த அடுக்குக்கும் சமமாகாது. எண்ணின் இயல்பே அது. ஒவ்வொரு ‘ப’வையும் அப்பழுக்கின்றி வைத்தால் கடைசியில் வட்டம் மூடாது. வட்டத்தை மூடினால் ‘ப’ ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைய வேண்டும். பியானோவும் கீபோர்டும் இரண்டாவது வழியைத் தேர்ந்தன: ஒவ்வொரு ‘ப’விலிருந்தும் இரண்டு சென்ட் திருடி, எல்லாக் கட்டைக்கும் சமமாகப் பங்கு போட்டன. ‘க’வில் நிலைமை இன்னும் மோசம். தம்புராவிலேயே மெல்ல எழுந்து கேட்கும் அந்தர காந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. ‘ப’ மேல் ‘ப’ அடுக்கிப் போய்ப் பிடித்தால் அதே காந்தாரம் 408. கீபோர்டில் 400. மூன்றில் எது ‘சுத்தம்’? ஒன்றைச் சுத்தமாக வைத்தால் மற்றொன்று தீட்டாகி விடுகிறது. முழுச் சுத்தம் என்று ஒன்று கணக்கிலேயே கிடையாது தோழர்களே. மனிதர் மேல் ஏற்றிய சுத்தம்-தீட்டு மட்டுமல்ல, ஒலியின் மேல் ஏற்றியதும் கற்பனைதான்.

அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற 22? 386க்கும் 408க்கும் நடுவே உள்ளது போன்ற இந்த 22 சென்ட் இடைவெளிக்குப் பிரமாண சுருதி என்று பெயர் வைத்தார்கள். நாட்டிய சாத்திரத்தில் 4-3-2-4-4-3-2 என்று பங்கு போட்டு 22 வருகிறது. சிலப்பதிகார மரபிலும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று கூட்டினால் அதே 22 அலகு. ஆக, இது ஆரியனுடையதா தமிழனுடையதா என்று சண்டை போட இடமே இல்லை. யாழையும் வீணையையும் முறுக்கிச் சேர்த்த கைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இடைவெளிகளைத்தான் சந்தித்திருக்கின்றன.

ஆனால் இன்றைய பாடகர் அந்த 22 படியில்தான் நிற்கிறாரா? 1963இல் நசீர் ஜைராஸ்பாயும் ஸ்டோனும் இந்துஸ்தானிக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகளைக் கருவியில் அளந்தார்கள். ஒரே ராகத்தில் ஆளுக்கு ஆள் சுரம் இடம் மாறியது. ஒரே ஆள் ஒரே கச்சேரியில் பாடும்போதே மாறியது. நிரந்தரமான 22 பெட்டிகள் அங்கே இல்லை. சுப்பராம தீட்சிதரின் குறிகள் ஏற்கெனவே சொன்ன சங்கதிதான் இது. பிறகு ஏன் ‘22’ இன்னும் உயிரோடிருக்கிறது? பாடுவதற்கு அது பயன்படுவதில்லை, பாடாதவர்களை வெளியே நிறுத்துவதற்குப் பயன்படுகிறது. மந்திரம் மாதிரி, சொன்னால் போதும். விளக்க வேண்டியதில்லை.

இந்த மந்திரத்தைத் தட்டிக் கேட்ட ஆள் நம் பக்கத்திலேயே பிறந்தவர். ஆபிரகாம் பண்டிதர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சாம்பவர்வடகரையில் 1859 ஆகஸ்டில் பிறந்தார். நாடார் குடும்பம், கிறித்தவம். அதற்கு முந்தைய மாதம்தான் திருவாங்கூரில் நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று அரசாணை வந்திருந்தது. அவருக்கு நாற்பது வயதாகும்போது சிவகாசிக் கலவரம். அவர் இசை ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த நாட்களில்தான், கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. (இதைப் படிக்கும் நாடார் தம்பி ஒருவர் பெருமையில் நிமிர்வதற்கு முன்: அன்று கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரன்கள் இன்று எத்தனை ஊரில் பறையர், பள்ளர், சக்கிலியர் தெருவுக்குச் சப்பரம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.)

சித்த மருத்துவத்தில் சம்பாதித்த பணத்தை வைத்துப் பண்டிதர் தஞ்சாவூரில் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆண்டு சொந்தச் செலவில் மாநாடு கூட்டினார், வித்துவான்களுக்கு ரயில் செலவு கொடுத்து வரவழைத்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் 22 அல்ல 24 என்று வாதாடி, தம் மகள்களை வீணையோடு மேடையேற்றிப் பாடிக் காட்டச் செய்தார். 1917இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ‘கருணாமிர்த சாகரம்’. பழந்தமிழர் சொன்ன ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று ஒலியைச் சமமாகப் பகுத்தார். 22 அலகு என்பது 24லிருந்து குறைத்துச் சொன்னது என்று சிலப்பதிகாரத்தைக் கொண்டு நிறுவப் பார்த்தார்.

அதே பரோடா மேடைக்கு வேறொரு பொருளும் வந்தது: 22 சுருதிக்கும் கட்டை வைத்துச் செய்த ஆர்மோனியம். செய்வித்தவர்கள் கிளெமென்ட்ஸ் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரியும் தேவல் என்ற மராத்தியரும். சாத்திரத்தின் 22க்கு இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டி! அங்கிருந்த பெரிய பாடகர்களின் குரலோடு அந்தப் பெட்டி ஒத்துப்போகவில்லை. சாத்திரம் ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம்.

பண்டிதரை நாம் கொண்டாட வேண்டும். ஆனால் அவர் சொன்னது எல்லாம் சரி என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. சமமாக 24 என்பதும் ஓர் அளவுகோல் மட்டுமே. அதிலும் கீபோர்டின் திருட்டு இருக்கிறது: அந்தக் காந்தாரம் 400இல் நிற்கும், 386இல் அல்ல. 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியபோது அவர்களும் இதே 24 சமபங்கை வைத்துக்கொண்டு இதே சண்டையைப் போட்டார்கள். அங்கும் பாடகர்களின் குரல் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பண்டிதரின் உண்மையான சாதனை எண் அல்ல. ‘இதை அளக்கலாம், கேள்வி கேட்கலாம், நானும் என் பெண் பிள்ளைகளும் மேடையில் நின்று நிரூபிக்கலாம்’ என்று ஒரு பனையேறிச் சமூகத்து வைத்தியர் சொன்னாரே, அது. அதனால்தான் அவரை எதிர்த்தவர்கள் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் நூறாண்டாக மௌனத்தையும் பயன்படுத்தினார்கள்.

இனி ஆர்மோனியம். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. தாகூருக்கும் அந்தப் பெட்டி பிடிக்காது. காரணம் சுருதி: கட்டைகள் சமபங்கு, கமகம் வராது, இந்திய இசையைக் கெடுக்கும். 1971இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. இசைக் காரணத்தை நான் மறுக்கவில்லை, மேலே நானே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆர்மோனியம் யார் கையில் இருந்தது? இதே தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாசு சுவாமிகள் எழுதி வைத்த நாடகங்களை விடிய விடிய நடத்தும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் கையில். ஊர்ப் பொட்டலில், மைக் இல்லாத காலத்தில், ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி இராசபார்ட்டுக்குச் சுருதி பிடித்துக் கொடுத்த பெட்டி அது. நடிகரின் குரல் கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப் போகும், பெட்டி பின்னாலேயே போய் அணைத்துப் பிடிக்கும். கேட்டவனுக்குத் தெரியும். வயலினுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் எட்டயபுரத்து அரண்மனையில் இடம் கிடைத்தது. ஆர்மோனியத்துக்கு வானொலி வாசலில் கிடைக்கவில்லை. ஒலி மட்டும்தான் காரணம் என்று நம்புகிறவர்கள், தடை செய்யப்பட்ட அதே நாட்களில் அதே வானொலி மேல்நாட்டு இசைக்குப் பியானோவை அனுமதித்தது ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

நாதசுரத்தைப் பாருங்கள். மேலே ஏழு துளை. அவ்வளவுதான். பன்னிரண்டு சுரத்தானமும், அவற்றுக்கு நடுவே உள்ள எத்தனையோ இடங்களும், துளையைப் பாதி மூடியும் கால் மூடியும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் பிறக்க வேண்டும். நுண்சுரத்தைப் பற்றிப் பேச இந்தியாவில் இதை விடப் பெரிய பல்கலைக்கழகம் கிடையாது. இங்கிருந்து அரை மணி நேரப் பேருந்துத் தொலைவில், கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். அவருடைய குரு இராசரத்தினம் பிள்ளை கட்டை குட்டையான திமிரியை விட்டு நீண்ட பாரி நாயனத்துக்கு மாறியபோது, சுத்த மத்தியமம் நேராகப் பேசாத பழைய சிக்கலை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி மரத்தைக் கடைந்தே தீர்த்தார். ஆச்சா மரத்தில் துளை எங்கே விழ வேண்டும் என்பது சுருதி ஆராய்ச்சி இல்லையா? அதற்கு எந்தப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தது? 2022இல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவரை சந்தோசம்.

இந்தக் கருவியை ஊதியவர்களோ சட்டை போடாமல், இடுப்பில் துண்டு கட்டி, ஊர்வலத்தில் நின்றபடியே ஊத வேண்டியிருந்தது. இராசரத்தினம் கோட்டுப் போட்டு, கிராப்பு வெட்டி, மேடையில் உட்கார்ந்து, ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்தார் என்பது வெறும் பகட்டல்ல. அவருக்கும் கீழே இன்னொரு படி இருந்தது: தென்மாவட்டங்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாதசுரம் ஊதிய மருத்துவர் சமூகத்தார். அவர்களுக்குக் கோயில் உள் மேளம் கிடைக்காது. அதற்கும் கீழே நையாண்டி மேளம். சாதி, படி விடாமல் எல்லாவற்றையும் அடுக்கும்.

ஒத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாதசுரத்துக்குப் பக்கத்தில் நின்று, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, இடைவெளியே இல்லாமல் மணிக்கணக்கில் ஒரே ‘ச’வை ஊதுகிறவர் ஒத்துக்காரர். சுருதியே அவர்தான். ஆனால் தமிழில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் என்ன பொருள்? ஆமாம் சாமி போடுகிறவன். சபாவில் தம்புரா மீட்டும் மாணவிக்கு இப்படி ஒரு வசை மொழியில் உண்டாகவில்லை. ‘சால்ரா’, ‘பின்பாட்டு’, ‘தமுக்கடித்தல்’ என்று நம் வசைகளில் பாதி இசைத் தொழிலாளியின் முதுகில் ஏறி வந்தவை. நாமும் கூச்சமில்லாமல் அரசியல் பதிவுகளில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

மிருதங்கத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் அப்பட்டம். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேலொலிகள் முழு மடங்காக அமையாது. அதனால் அதில் திட்டமான சுருதி காதுக்குப் படாது. வலந்தலையின் நடுவே கல் பொடியையும் சோற்றையும் குழைத்து, படலம் படலமாக அப்பித் தேய்த்துக் கரணை போட்டால், அந்தக் கனத்தால் மேலொலிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று வரிசைக்கு வந்து நிற்கும். தோல் பாடத் தொடங்கும். இதைச் சர் சி.வி.இராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழிலும், 1934இல் விரிவாகவும் எழுதினார். அருமையான இயற்பியல். ஆனால் சோதனைச் சாலை அது அல்ல. அதற்குச் சில நூறு ஆண்டுகள் முன்பே சேரிகளில் சோதனை முடிந்து விட்டது. ஒவ்வொரு படலத்தையும் காயவிட்டு, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி தேய்த்து, சுருதியைத் தோலுக்குள் வைத்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள்.

டி.எம்.கிருஷ்ணா அவர்களைத் தேடிப் போய் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்ந்ததுதான் மிருதங்கம் என்பதையும் எழுதினார். 2020 தொடக்கத்தில் அந்த நூலை வெளியிட அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் முடியாது என்றது. பசுத்தோல் மேடையில் உட்காரலாம், விரல் அதன் மேல் விளையாடலாம், கைதட்டலும் வாங்கலாம். அதை உரித்தவன் பெயரை மேடையில் சொல்லக் கூடாது. நூலாசிரியர் ஒரு பார்ப்பனர் என்பதால்தான் இந்த அளவுக்காவது செய்தியாயிற்று என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த முதல் கேள்விக்குப் பதில். பறையில் சுருதி ஏது?

பறைக்குக் கரணை கிடையாது. அது ‘ச’ பாடாது. பாட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கோயில் மணியும், தாளமும், சேகண்டியும் கூடத்தான் எந்த 22க்குள்ளும் அடங்காது. அவற்றை யாரும் கேள்வி கேட்டதில்லை. பறையைத் தீயில் காய்ச்சும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? வைக்கோலோ காகிதமோ எரியும் நெருப்புக்கு முன்னால் வட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரல் நுனியால் தட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு, ‘சரி’ என்று எழுந்திருக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, அது ஒலியைத் தீர்மானிக்கும் காது. ஈரக்காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணிப்பும் அதில் இருக்கிறது. ஈயம் காய்ச்சிக் காதை அடைக்கச் சொன்னவர்களுக்கு, தோல் காய்ச்சிக் காதைத் திறந்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கடன் எதுவும் இல்லை.

உலகத்தில் நாம் தனியாகவும் இல்லை. சாவகத் தீவின் கேமலான் வெண்கலத் தொகுதிகள் ஒன்றின் சுருதி இன்னொன்றில் இருக்காது. உருக்கி அடித்த கொல்லர் வைத்ததே சுருதி, அதுவே அந்தத் தொகுதியின் முகம். அமெரிக்காவில் அடிமைகளின் பிள்ளைகள் பியானோ கட்டைகளின் இடுக்கில் விழும் காந்தாரத்தைப் பாடி ப்ளூஸை உண்டாக்கினார்கள். கிதார் கம்பியை வளைத்துப் பிடித்தார்கள். முதலில் அதை அபசுரம் என்றார்கள். பிறகு அதை எழுதக் குறியீடு தேடினார்கள். பிறகு அதில் காசு பார்த்தார்கள். அபசுரம் என்ற தீர்ப்பு எப்போதும் முதலில் வருகிறது. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. கையில் இருக்கும் அலைபேசியில் இலவசமாக ஒரு ட்யூனர் செயலி இறக்குங்கள். சென்ட் கணக்குக் காட்டும். அடுத்த கொடையில் நையாண்டி மேளம் வரும்போது ஓரமாக நின்று அந்த நாதசுரத்தைப் பதிவு செய்து முள்ளைப் பாருங்கள். முள் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் எல்லைகளை எழுதுங்கள். பின் ஒரு பெரிய வித்துவான் பதிவை எடுத்து அதே ராகத்தில் அதே சுரத்துக்கு வையுங்கள். எது எங்கே நிற்கிறது, எது எங்கே நடமாடுகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்து விட்டுப் பிறகு யார் ஞானி என்று பேசலாம். இந்தக் கணக்குக்குப் பூணூல் தேவையில்லை.

அரசுக்கும் ஒரு சொல். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம் முழுநேரமாகச் சொல்லித் தருகிறார்கள். வாசிக்கக் கற்றுத் தருகிறார்கள், நல்லது. அந்த ஏழில் பறை இல்லை. கருவியைச் செய்வதும் சுருதி சேர்ப்பதும் ஒரு பாடமாக இல்லை. மிருதங்க மாணவன் மூன்று ஆண்டு படித்து விட்டு, வலந்தலை கிழிந்தால் யாரிடம் போகிறானோ அவர் அந்தப் பள்ளியின் வாசலில் ரிப்பேர்க்காரராக நிற்கிறார். அவருக்கு ஆசிரியர் பணியிடம் வேண்டும். பட்டம் கேட்காத, கையைப் பார்த்துத் தேர்வு செய்யும் பணியிடம். சீவாளி செய்பவருக்கும், பறை கட்டுபவருக்கும், ஆர்மோனியத்தின் நாக்கைச் சுரண்டிச் சுருதி திருத்துபவருக்கும் வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசித் தோழர்கள் முதலில் உங்கள் ஊரில் இந்த வேலை செய்கிறவர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு எடுங்கள். அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்னால் கலை பண்பாட்டுத் துறைக்கு மனுவை அனுப்பி விடலாம்.